சிப்பிக்கும் நோகுமா?

மடிநோய் கண்ட மாடு காலை உதறும். கழிச்சல் வந்த கோழி இறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒதுங்கும். குளம்பில் புண் வந்த ஆடு மந்தைக்குப் பின்னால் நொண்டி வரும். கால்நடை வைத்திருக்கும் வீட்டில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கத்தாத, ஓடாத, முகமே இல்லாத ஓர் உயிரை வளர்ப்பவருக்கு அதன் நோவு எப்படித் தெரியும்? சிப்பி வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். அறுவடை நாளில், கொதிக்கிற அண்டாவில் கூடையைக் கவிழ்க்கும்போது, 'இதுக்கு வலிக்காதா?' என்று வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டுவிடும்.

சின்னப் பிள்ளையின் கேள்விதானே என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. உலகத்தில் இதைப் பற்றிப் படித்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். வளர்ப்பவருக்கோ இது பிழைப்போடு ஒட்டிய கேள்வி. ஒரு வீட்டில் பத்து ஆடு இருக்கலாம், நூறு கோழி இருக்கலாம். சிப்பிப் பண்ணையில் கணக்கு ஆயிரத்தில்தான் தொடங்கும். ஒவ்வொன்றும் உணரக்கூடிய உயிர் என்றால் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெரிது.

கயிற்றில் தொங்கும் பயிர்

நம் கடற்கரையில் உண்ணும் சிப்பியை 'ஆளி' என்பார்கள். கேரளத்தில் 'முரு'. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் பாறையிலும் தூணிலும் பழைய ஓட்டிலும் ஒட்டி வளர்வது இது. இதை வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970-களில் தூத்துக்குடியில் ஆராயத் தொடங்கியது. 1990-களின் நடுவில் கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயலில் அது ஊர்க்காரர்களின் தொழிலாகவே மாறியது. பின்னர் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பலவும் இதில் இறங்கின.

முறை எளிது. காலி ஓடுகளில் துளையிட்டு, நைலான் கயிற்றில் ஐந்தாறு ஓடுகளை இடைவெளி விட்டுக் கோத்து, மூங்கிலோ சவுக்கோ நட்ட பந்தலில் தொங்கவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் காயல் நீரில் மிதக்கும் சிப்பிக் குஞ்சுகள் அந்த ஓடுகளில் வந்து ஒட்டும். தீவனம் கிடையாது, உரம் கிடையாது, மருந்து கிடையாது. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியே தீனி. மே மாதத்துக்குள் அறுவடை முடிய வேண்டும். தென்மேற்குப் பருவமழை இறங்கி ஆற்று வெள்ளம் புகுந்தால் காயலில் உப்பு சட்டென்று குறையும். அப்போது கயிற்றில் மிச்சம் இருப்பது கூட்டமாகச் சாகும்.

இந்தத் தொழிலில் நலம், வேதனை என்று யோசிக்க வேண்டிய முதல் இடம் அந்த மே மாதம்தான். விலை ஏறட்டும் என்று காத்திருந்து வெள்ளத்தில் விடுவது பணத்துக்கு மட்டும் நட்டமல்ல. உப்புக் குறைந்த நீரில் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். பல நாள் அப்படியே இருக்கும். உள்ளே காற்றும் தீனியும் தீர்ந்து, கழிவு சேர்ந்து, கடைசியில் வாய் திறந்து சாகும். அதற்கு நோகிறதோ இல்லையோ, சாவுகளில் இது நீண்ட சாவு. யாருக்கும் பயன்படாத சாவும்கூட.

மூளை இல்லை, நரம்பு உண்டு

சிப்பியின் உடலில் தலை என்று தனியாக ஒன்றும் இல்லை. மூளையும் இல்லை. நரம்பு முடிச்சுகள் சில இருக்கின்றன. அவற்றில் பெரியது ஓட்டை மூடும் தசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதயம் உண்டு, நிறமில்லாத குருதி உண்டு, செவுள் உண்டு. நிழல் விழுந்தால், தண்ணீர் அதிர்ந்தால், கத்தி பட்டால் ஓட்டை மூடும்.

மூடுகிறது என்பதாலேயே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. தொட்டாற்சிணுங்கியும் தொட்டால் சுருங்கும். தூங்கும் மனிதனின் காலில் முள் பட்டால் அவன் விழிக்கும் முன்பே கால் இழுத்துக்கொள்ளும். உடல் பதில் சொல்வது ஒன்று, உள்ளே ஒருவர் இருந்து துன்பப்படுவது இன்னொன்று. சிப்பிக்கு வலி இல்லை என்பவர்கள் இன்னொரு காரணமும் சொல்வார்கள். வலி என்பது எச்சரிக்கை மணி. மணி அடித்தால் ஓட வேண்டும், விலக வேண்டும், அடுத்த முறை அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். சிப்பியோ குஞ்சுப் பருவத்தில் இரண்டு மூன்று வாரம் மட்டும் நீந்தித் திரியும். பிறகு ஓர் இடத்தில் சிமெண்டு பூசியதுபோல் ஒட்டினால் வாழ்நாள் முழுக்க அங்கேதான். ஓட முடியாத உயிருக்கு மணி எதற்கு?

வாதம் வலுவானதுதான். ஆனாலும் மறுபக்கத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. சிப்பிக்குச் சொந்தமான மட்டி இனங்களின் உடலில் மார்பின் போன்ற பொருள்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மார்பின் மனிதருக்கு வலி குறைக்கும் மருந்து. அந்தப் பொருளுக்கு அங்கே வேறு வேலை இருக்கலாம், ஆகவே இதை வைத்து வலி உண்டு என்று தீர்ப்பு எழுத முடியாது. கதவை முழுசாகச் சாத்தவும் முடியாது. அதோடு ஓடு இரண்டாக உள்ள உயிர்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. விசிறிச் சிப்பி ஒன்றின் விளிம்பில் 200 கண்கள் வரை இருக்கும். எதிரி வந்தால் ஓட்டைப் படபடவென அடித்து நீந்தித் தப்பிக்கும். அதற்குப் பொருந்துவது ஒட்டிய சிப்பிக்குப் பொருந்தாது. இதற்குப் பொருந்துவது அதற்கும் பொருந்தாது.

அறிஞரும் சட்டமும்

விலங்குகளின் துன்பத்தைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர், 1975-ல் வெளியான தம் 'அனிமல் லிபரேஷன்' நூலில் இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவில் எங்கோ கோடு போடலாம் என்று கருதினார். 1990-ல் வந்த திருத்திய பதிப்பில் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார். சிப்பிக்கு வலி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது அதைத் தவிர்ப்பதே மேல் என்றார்.

இங்கிலாந்தில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள உயிர்களோடு நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றையும் உணர்வுள்ளவை என்று ஏற்றது. அவற்றைப் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிறகு வந்த முடிவு அது. சிப்பி அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 'விலங்கு' என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. எழுத்துப்படி பார்த்தால் சிப்பியும் அதற்குள் வரும். அதே சட்டம் உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு தருகிறது. ஆனால் தேவையில்லாத வேதனை கொடுக்காமல் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. சிப்பிக்காக எந்தக் காவலரும் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. இருந்தாலும் 'தேவையில்லாத' என்ற அந்த ஒரு சொல் நல்ல அளவுகோல். வேதனை உண்டா என்று தெரியாத இடத்திலும், ஒரு செயல் தேவையா இல்லையா என்று வளர்ப்பவருக்குத் தெரியும்.

செலவில்லாத சில பழக்கங்கள்

சிப்பியைத் தண்ணீரைவிட்டு எடுத்தால் ஓட்டை மூடிக்கொண்டு உள்ளிருக்கும் ஈரத்தில் தாக்குப்பிடிக்கும். குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் பல நாள்கூட உயிரோடு இருக்கும். வெயிலில் கொட்டினால் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். ஆகவே அறுவடையை விடியற்காலையில் வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததை நிழலில் போட்டு ஈரச் சாக்கால் மூட வேண்டும். வேகவைக்கவும் ஓடு உடைக்கவும் ஆள் தயாராக இருக்கும் அளவுக்கு மட்டுமே கயிற்றை ஏற்ற வேண்டும். கரையேற்றிவிட்டு வியாபாரி வருவாரா என்று பார்த்திருக்கக் கூடாது. சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் ஓரிரு நாள் வைத்துக் குடலைச் சுத்தப்படுத்தும் முறையில், தொட்டி நிரம்ப அடுக்காமல் நீரோட்டம் எல்லாச் சிப்பிக்கும் படும்படி வைப்பது அவசியம்.

வேகவைப்பதிலும் வழி உண்டு. தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பை மூட்டி மெல்லச் சூடேற்றுவது மோசமான முறை. முதலில் ஐஸில் வைத்துக் குளிரவிட்டால் சிப்பியின் உடல் வேலை மந்தப்படும். பிறகு நன்றாகக் கொதிக்கும் நீரில் அல்லது வேகமான ஆவியில், சிறு சிறு கூடையாகப் போட வேண்டும். ஒரே நேரத்தில் அண்டா நிறையக் கொட்டினால் கொதி அடங்கிவிடும், நடுவில் இருப்பவை மெதுவாகச் சாகும். உயிரோடு ஓடு திறந்து விற்பவர்கள் கூரான கத்தியும் பழகிய கையும் கொண்டு, மூடும் தசையை ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். குத்திக் கிளறுவதில் சதையும் கெடும், கையும் கிழியும்.

இவற்றில் பெரும்பாலானவை தரத்துக்காகவும் சொல்லப்படுபவை. ஆகவே செலவு கூடாது. ஆனால் எல்லா இடத்திலும் நலமும் லாபமும் கைகோத்து நடக்கும் என்று நினைப்பது சரியல்ல. கயிற்றில் குஞ்சு அடர்த்தியாக ஒட்டினால் கழித்துவிடுவது நல்லது. அதற்குக் கூலி ஆகும். அலை குறைந்த, கழிவு சேரும் இடத்தில் பந்தல் போட்டால் படகுச் செலவு மிச்சம். ஆனால் சிப்பி திணறும், உண்பவருக்கும் நோய் வரும், ஏனென்றால் தண்ணீரில் உள்ள கிருமியையும் உலோகத்தையும் சிப்பி உடலில் சேர்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட இடங்களில்தான் வளர்ப்பவரின் மனசு சோதிக்கப்படுகிறது.

நிச்சயமாக நோகும் உயிர்கள்

சிப்பிக்கு வலி உண்டா என்பதில் சந்தேகம் உண்டு. சிப்பிப் பந்தலைச் சுற்றி வாழும் உயிர்கள் பலவற்றுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. கயிற்றை ஏற்றும்போது கொத்துக்குள் சின்ன நண்டு இருக்கும், மீன் குஞ்சு இருக்கும். நண்டு சிப்பியைத் தின்னும் எதிரிதான். அதற்காகக் காலை ஒடித்து வெயிலில் வீசத் தேவையில்லை. பந்தலுக்குத் தள்ளி நீரில் விடலாம், அல்லது குழம்புக்கு என்றால் உடனே கொன்று எடுக்கலாம். கொத்தை அப்படியே அண்டாவில் போட்டால் சிப்பியோடு இவையும் உயிரோடு வேகும். போடும் முன் தண்ணீரில் நன்றாக அலசினால் பெரும்பாலானவை வெளியேறிவிடும்.

அறுந்த நைலான் கயிறும் வலைத் துண்டும் காயலில் மிதந்தால் நீர்க்காகமும் ஆமையும் சிக்கும். ஒரு பருவம் முடிந்ததும் பழைய கயிற்றையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்துவிடுவது ஒருநாள் வேலை.

இங்கே இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பொரிப்பகங்களில் சீக்கிரம் முட்டையிட வைக்கத் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நறுக்குவது வழக்கம். இறாலுக்கு வலி உண்டு என்பதற்குச் சான்று சிப்பியைவிட எவ்வளவோ அதிகம். சிப்பியைப் பற்றி மனம் இரங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான்.

திரும்ப வளர்ப்பதில் உள்ள கணக்கு

தின்பதற்கு வளர்ப்பது ஒன்று. அழிந்துபோன சிப்பித் திட்டுகளை மறுபடி உண்டாக்குவது இன்னொன்று. உலகத்தில் இருந்த சிப்பித் திட்டுகளில் 85 சதவீதம் அழிந்துவிட்டதாக 2011-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிப்பி மலையாக வாரப்பட்டது. சதை சந்தைக்குப் போயிற்று. ஓடு சாலைக்கும் சுண்ணாம்புக்கும் போயிற்று. குஞ்சு ஒட்ட இடமே இல்லாமல் திட்டுகள் சேற்றில் புதைந்தன. அதன் மேல் 1950-களின் கடைசியில் எம்.எஸ்.எக்ஸ். என்ற நோய் வந்து தாக்கியது. அந்த ஒட்டுண்ணி ஆசியக் கடல் பக்கத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் மரபணு ஆய்வில் தெரிந்தது.

இப்போது அங்கே திரும்ப வளர்க்கிறார்கள். மேரிலாந்தில் உள்ள ஹாரிஸ் கிரீக் என்ற கழியில் மட்டும் சுமார் 350 ஏக்கரில், 200 கோடிக்கும் மேல் குஞ்சுகள் இறக்கப்பட்டன. நியூயார்க் துறைமுகத்தில் 2014-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், உணவகங்களிலிருந்து ஓடுகளைச் சேகரித்து, ஓராண்டு வெயிலிலும் மழையிலும் போட்டுக் கிருமி போக்கி, அதில் குஞ்சு ஒட்டவைத்துக் கடலில் விடுகிறார்கள். அந்தச் சிப்பிகள் தின்பதற்கு அல்ல. தண்ணீரைத் தெளியவைக்கவும் மீனும் நண்டும் தங்கவும்தான்.

இங்கேயும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. விடும் குஞ்சுகளில் பெரும்பங்கு செத்துப்போகும் என்று தெரிந்தே விடுகிறார்கள். இயற்கையிலும் அப்படித்தான். ஒரு பெண் சிப்பி லட்சக்கணக்கில் முட்டையிட்டாலும் வளர்ந்து நிற்பவை மிகச் சில. ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே எண்ணுகிறவருக்கு இது பெரிய சாவுக்கணக்கு. காயலை ஓர் உடலாகப் பார்க்கிறவருக்கு இது உயிர் திரும்புவது. இரண்டு பார்வைக்கும் பொதுவான ஒன்று உண்டு. எத்தனை கோடி விட்டோம் என்று பெருமைப்படாமல், எத்தனை பிழைத்தன என்று பார்ப்பது. மரம் நடும் விழாவுக்கும் இதே விதிதான். சேற்றில் புதையும் இடத்திலும், உப்பு நிலைக்காத இடத்திலும், நோய் பார்க்காமல் வேற்றூர்க் குஞ்சைக் கொண்டுவந்தும் விடுவது உயிரையும் பணத்தையும் வீணாக்குவது.

மன்னார் வளைகுடாவுக்கு இந்தக் கதை அந்நியம் அல்ல. முத்துச்சிப்பிப் பார்களில் குளித்து எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, வெயிலில் அழுகவிட்டு, பிறகு கழுவி முத்துப் பொறுக்குவதுதான் பழைய வழக்கம். ஒரு முத்துக்காக எத்தனையோ சிப்பிகள் அழுகின. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் அதே ஊரில் வளர்ப்பு முத்து உருவானது. அறுவைக்கு முன் சிப்பியை மென்தால் கலந்த நீரில் வைத்துத் தளர்வாக்கும் முறையை அங்கே கையாண்டார்கள். வலிக்காகச் செய்ததில்லை, தசை தளர்ந்தால்தான் வேலை நடக்கும். ஆனாலும் நெம்பித் திறப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

குளம் வைத்திருப்பவர்களுக்கு

கடற்கரைக்கு எட்டாத ஊர்களில் இப்போது நன்னீர் முத்து வளர்ப்பில் பலருக்கு ஆசை வந்திருக்கிறது. அங்கே மட்டியின் உடலைத் திறந்து உள்ளே கரு வைக்கிறார்கள். பழகாத கையால் செய்தால் மட்டிகள் கூட்டமாகச் சாகும், கருவை வெளியே தள்ளும். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பயிற்சி தருகிறது. முறையாகப் பயிலாமல் காணொளி பார்த்து ஆயிரம் மட்டியில் கத்தி வைக்கக் கூடாது. முதலில் சிறு எண்ணிக்கையில் செய்து, எத்தனை பிழைக்கிறது என்று பார்த்த பிறகே கூட்ட வேண்டும்.

ஏரி, கால்வாயிலிருந்து மட்டியை மூட்டை மூட்டையாக அள்ளுவதும் ஆபத்து. நன்னீர் மட்டியின் குஞ்சு கொஞ்ச காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வாழ்ந்தால்தான் வளரும். மீனும் மட்டியும் சேர்ந்து இருக்கும் நீர்நிலை ஒருமுறை காலியானால் திரும்ப நிரம்ப வருஷக்கணக்காகும்.

உணவுக்குக் கொல்வதும் நகைக்காகக் கீறுவதும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றல்ல என்றே தோன்றும். பசிக்கு விடை சொல்லலாம், அழகுக்கு விடை சொல்வது கொஞ்சம் கடினம். ஆனாலும் அந்த வருமானத்தில் ஒரு வீட்டின் கடன் அடைகிறது என்றால் அதையும் தள்ளிப் பேச முடியாது.

ஓடு ஒட்டுவதற்கு

கடைசியாக ஓட்டைப் பற்றி. சிப்பி ஓடும் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்குப் போவது நம் கடற்கரையின் பழைய தொழில். பழவேற்காடு ஏரியிலும் வேம்பநாட்டுக் காயலிலும் ஓடு அள்ளிப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் நீந்தி வரும் சிப்பிக் குஞ்சு தேடுவது பழைய சிப்பி ஓட்டைத்தான். ஓடு முழுவதையும் அள்ளிய காயலில் குஞ்சுக்கு நாற்றங்கால் இல்லை. அறுவடை செய்த ஓட்டில் ஒரு பங்கையாவது மாதக்கணக்கில் காயவைத்து, சதை ஒட்டு முழுக்கப் போன பிறகு, அதே காயலில், சேறில்லாத இடமாகப் பார்த்துப் போடலாம். அந்தந்த ஊர் மீன்வளத் துறை அலுவலரைக் கேட்டுச் செய்வது நல்லது. வேறு காயலின் ஓட்டைக் கொண்டுவந்து போட வேண்டாம், நோயும் கூடவே வரும்.

இந்த வேலைக்கு நல்ல காலம் அக்டோபர். காய்ந்த ஓடு அப்போது நீரில் இறங்கினால், நவம்பரில் குஞ்சு வரும்போது இடம் தயாராக இருக்கும்.